யூனிட் என்றால் எத்தனை பேர்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்தது. ஏதோ ஒரு ராணுவ அலுவலகம். பட்டப்பகல். வராந்தா முழுக்க விளக்கு எரிகிறது. கீழே “நம் வரிப்பணம் எரிகிறது” என்று ஒரு வாசகம். வழக்கம்போல எல்லாரும் கோபப்பட்டார்கள். நான் அங்கே பதில் எழுதவில்லை. எழுதினால் குட் மார்னிங் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் ராணுவத்தில் இருந்தவன் இல்லை. கேந்திரிய வித்யாலயாவில் இயற்பியல் ஆசிரியர். ஆனால் என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி ராணுவ முகாம்களின் வேலிக்கு உள்ளேதான் கழிந்தது. தக்காணத்தில் ஒரு கன்டோன்மென்ட், ராஜஸ்தானில் ஒன்று, லடாக்கில் இரண்டு குளிர்காலம், கடைசியில் ஆவடி. ஜவான்களின் பிள்ளைகள், சுபேதார்களின் பிள்ளைகள், கர்னல்களின் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் ஓமின் விதி படித்தார்கள்.

பத்தாம் வகுப்பில் மின்சாரப் பாடம் வரும்போது ஒவ்வொரு வருடமும் ஒரு கேள்வி கேட்பேன். ஒரு யூனிட் என்றால் என்ன? ராஜஸ்தானில் ஒரு பையன் சட்டென்று எழுந்து, “800 பேர் சார்” என்றான். அவன் அப்பா இருந்த பட்டாலியனைச் சொல்கிறான். அந்த ஊரில் யூனிட் என்றால் அதுதான். ஆயிரம் வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்று அப்புறம் சொல்லிக் கொடுத்தேன். வகுப்பே சிரித்தது. ஆனால் அந்த பதிலில் ஒரு விஷயம் இருந்தது. மின்சார யூனிட் என்ற ஒன்று தங்கள் வீட்டில் ஓடுகிறது என்பதே அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஏன் தெரியவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

ராணுவ முகாம் என்பது ஒரு சின்ன ஊர். அலுவலகம், பாரக், மெஸ், ஆஸ்பத்திரி, கேன்டீன், பள்ளி, கோயில், குருத்வாரா, தண்ணீர் இறைக்கும் பம்ப் ஹவுஸ், பணிமனை, குடும்பக் குவார்ட்டர்ஸ் எல்லாம் உண்டு. இந்த ஊருக்குக் கரண்ட் கொடுப்பவர்கள் எம்.இ.எஸ். என்று எல்லாரும் சொல்லும் ராணுவப் பொறியியல் சேவைத் துறையினர். மாநில மின்வாரியத்திடமிருந்து 11 ஆயிரம் அல்லது 33 ஆயிரம் வோல்ட்டில் மொத்தமாக வாங்கி, தங்கள் துணைமின் நிலையம் வழியாக உள்ளே பிரித்துக் கொடுப்பார்கள். மின்வாரியத்துக்கு இந்த ஊரே ஒரு வாடிக்கையாளர்தான். வாசலில் ஒரு பெரிய மீட்டர், மாதம் ஒரு பில்.

அந்த பில்லில் நம் வீட்டு பில்லில் இல்லாத ஒரு வரி இருக்கும். மேக்சிமம் டிமாண்ட். மாதம் முழுக்க எத்தனை யூனிட் என்பதற்கு ஒரு காசு. அந்த மாதத்தில் எந்த அரை மணி நேரத்தில் மிக அதிகமாக இழுத்தீர்கள் என்று பார்த்து, அந்த உச்சத்துக்குத் தனியாக இன்னொரு காசு. (சில மாநிலங்களில் கால் மணி நேரக் கணக்கு.) ஒரே ஒரு நாள் அரை மணி நேரம் எகிறினாலும் போதும், அதுதான் அந்த மாதத்து உச்சம்.

இப்போது ராணுவத்தின் நேர ஒழுங்கை நினைத்துப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு பி.டி. குளிர்காலம். ஐந்து மணிக்கு ஊர் முழுக்க கீசர் ஆன். ஒரு கீசர் இரண்டு கிலோவாட். 400 வீடு என்றால் 800 கிலோவாட். நம் தெருவில் ஒருவர் ஐந்துக்குக் குளிப்பார், ஒருவர் ஏழுக்கு, ஒருவர் குளிக்கவே மாட்டார். அதனால் சுமை பரவிவிடும். அங்கே எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே நேரத்தில் குளித்து, ஒரே நேரத்தில் ஓடுகிறார்கள். எதற்காக அவர்களைப் பாராட்டுகிறோமோ அதே ஒழுங்குதான் மின்கட்டணத்தை ஏற்றுகிறது! இதைக் கரும்பலகையில் கணக்காகப் போட்டபோது ஒரு பெண் சொன்னாள், “பாதிப் பேர் சாயங்காலம் விளையாடிவிட்டு வந்து குளிக்கலாமே சார்.” சரியான விடை. சூரிய ஒளியில் வெந்நீர் போடும் தொட்டி இன்னும் நல்ல விடை. பகலில் சூடான தண்ணீரை நல்ல உறை போட்ட தொட்டி மறுநாள் காலை வரை வைத்துக்கொள்ளும், அந்த ஐந்து மணி உச்சமே விழாது.

சரி, விரயத்துக்கு வருவோம்.

பாரக்கில் கல்யாணமாகாதவர்களும் குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்களும் தங்குவார்கள். ஒரு கூடத்தில் முப்பது கட்டில் இருந்தால் முப்பது பேருக்கும் தனி மீட்டர் கிடையாது. அலுவலகங்களுக்கும் நான் பார்த்தவரை தனி மீட்டர் கிடையாது. குடும்பக் குவார்ட்டர்ஸில் மீட்டர் உண்டு. ஆனால் அது மாடிப்படிக்குக் கீழே ஒரு இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். எம்.இ.எஸ். ஆள் வந்து குறித்துக்கொண்டு போவார். வாடகை, தண்ணீரோடு சேர்த்து ஒரு தொகையாகப் பிடித்தம் வரும், அதுவும் பல மாதம் கழித்து. போன கோடையில் கூலர் ஓடியதற்கு இந்தக் குளிர்காலத்தில் காசு போனால் யாருக்கு உறைக்கும்? அதற்குள் பாதிப் பேர் வேறு ஊருக்கு மாற்றலாகியிருப்பார்கள்.

ஆக, சுவிட்சைப் போடுகிறவர் மீட்டரைப் பார்ப்பதில்லை. மீட்டரைப் பார்க்கிறவருக்கு எந்த சுவிட்ச் என்று தெரியாது. வாட்ஸ்அப் படத்தில் எரிந்த அந்த வராந்தா விளக்குக்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. அங்கே இருப்பவர்கள் பொறுப்பற்றவர்கள் என்று நான் நினைக்கவில்லை. தன் பூட்ஸில் ஒரு தூசி இருந்தால் பொறுக்காத மனிதர்கள் அவர்கள். துப்பாக்கித் தோட்டா ஒன்றுக்குக் கூடக் கணக்கு வைப்பார்கள். ரேஷன் அரிசிக்குக் கணக்கு, போர்வைக்குக் கணக்கு. கரண்டுக்கு மட்டும் யார் கையிலும் கணக்குப் புத்தகம் இல்லை.

இதற்கு மருந்தாக என்ன செய்வார்கள் தெரியுமா? ஸ்டிக்கர். ஒவ்வொரு சுவிட்ச் போர்டுக்கும் மேலே “மின்சாரத்தைச் சேமியுங்கள்” என்று ஒன்று ஒட்டுவார்கள். அப்புறம் டிசம்பர் 14, தேசிய எரிசக்தி சிக்கன நாள். பள்ளியில் ஓவியப் போட்டி. அழுகிற பல்பு, சிரிக்கிற சூரியன். எத்தனை வருடம் அந்தப் படங்களுக்கு மதிப்பெண் போட்டிருப்பேன்! ஸ்டிக்கரால் குறைந்ததாக நான் ஒரு இடத்திலும் பார்க்கவில்லை.

தக்காணத்து ஊரில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு சின்ன வேலை செய்தோம். 22 வீடுகள். தினமும் இரவு எட்டு மணிக்கு அந்தந்த வீட்டுப் பிள்ளை இரும்புப் பெட்டியைத் திறந்து மீட்டர் எண்ணைப் பார்த்து, சமையலறை காலண்டரில் அன்றைய கட்டத்தில் எழுத வேண்டும். அவ்வளவுதான். விளக்கை அணை, ஃபேனை நிறுத்து என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்பது என் நிபந்தனை. மூன்றாவது வாரம் ஒரு ஹவில்தார் மனைவி பள்ளிக்கே வந்துவிட்டார். “மாஸ்டர்ஜி, நேற்று 9, இன்று 14. ஏன் என்று கண்டுபிடிக்காமல் எனக்குத் தூக்கம் வரவில்லை” என்றார். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் அவர்கள் வீட்டு இணைப்பில் சேர்த்து ஓடியிருக்கிறது. தொட்டி நிரம்பி வழிந்தும் யாரும் நிறுத்தவில்லை. எத்தனை சதவீதம் குறைந்தது என்று நான் எழுதப்போவதில்லை. இரண்டு மாதம், 22 வீடு, அதுவும் பருவம் மாறும் நேரம். அதை வைத்துச் சதவீதம் சொன்னால் நான் சொல்லிக் கொடுத்த இயற்பியலுக்கே அவமானம். ஆனால் அந்த அம்மாவின் தூக்கம் போனது நிஜம்.

அமெரிக்காவில் இதைச் சட்டமாகவே போட்டார்கள். 2005-ஆம் ஆண்டு எரிசக்திக் கொள்கைச் சட்டத்தில், மத்திய அரசின் கட்டடங்களில் 2012 அக்டோபர் 1-க்குள், முடிந்த இடத்திலெல்லாம், மின்மீட்டர் பொருத்த வேண்டும் என்று இருக்கிறது. ராணுவத் தளங்களுக்கும் சேர்த்துத்தான். அவ்வளவு பெரிய ராணுவத்துக்கும், கட்டடத்துக்கு ஒரு மீட்டர் என்ற இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.

மீட்டர் ஒரு பக்கம். கட்டடம் இன்னொரு பக்கம். இதில் எனக்கு ஒரு பழைய ஆதங்கம் உண்டு.

தக்காணத்தில் எங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரன் காலத்துப் பாரக் ஒன்று இருந்தது. ஒன்றரை அடிச் சுவர், அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில் ஓட்டுக்கூரை, சுற்றிலும் ஆழமான வராந்தா, சுவரின் உச்சியில் காற்றுப் போக்கிகள். ஏப்ரல் மத்தியானத்தில் உள்ளே போனால் வெளியே இருக்கும் வெயில் மறந்துவிடும். இந்தக் கட்டடங்களுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1859-இல் இந்தியாவில் இருந்த ராணுவத்தின் சுகாதாரம் பற்றி விசாரிக்க ஒரு அரச ஆணையம் அமைத்தார்கள். அதற்குப் பின்னால் நின்று உழைத்தவர் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. லண்டனில் இருந்தபடியே ஒவ்வொரு முகாமுக்கும் கேள்வித்தாள் அனுப்பிப் பதில் வாங்கினார். 1863-இல் அறிக்கை வந்தது. இங்கிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் வருடத்துக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறந்துகொண்டிருந்தார்கள், பெரும்பாலும் சண்டையில் இல்லை, நோயில். நெரிசல், காற்றோட்டம் இல்லாமை, கெட்ட தண்ணீர், சாக்கடை. அதன் பிறகு கட்டிய பாரக்குகளில் உயரமும் வராந்தாவும் காற்றும் வந்தன. தங்கள் சிப்பாய்களுக்காகத்தான் செய்தார்கள், நமக்காக இல்லை. இருந்தாலும் கட்டடம் நல்ல கட்டடம்.

அப்படிப்பட்ட ஒரு கட்டடத்தில், பெயர் வேண்டாம், என் கண்முன்னே பொய்க்கூரை போட்டார்கள். காற்றுப் போக்கிகளை அட்டை வைத்து அடைத்தார்கள். வராந்தாவைக் கண்ணாடி போட்டு மூடி அறையாக்கினார்கள். சூடான காற்று மேலே போக வழியில்லாமல் தலைக்கு மேலே நின்றது. அப்புறம் அறைக்கு ஒரு ஏசி. அந்த ஏசியை 18-ல் வைத்துவிட்டு உள்ளே ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தவரையும் பார்த்திருக்கிறேன். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் முத்திரை ஏசிகள் ஆன் செய்ததும் 24-ல் தொடங்க வேண்டும் என்று விதியும் வந்துவிட்டது. ரிமோட் மட்டும் இன்னும் நம் கையில்தான் இருக்கிறது.

விளக்கு, ஃபேன் விஷயத்தை ஓரிரு வரியில் முடித்துவிடுகிறேன், எல்லாருக்கும் தெரிந்ததுதான். பழைய டியூப்லைட் சோக்கோடு சேர்த்து 50 வாட்டுக்கு மேல், எல்.இ.டி. 20. பழைய ஃபேன் 75, புது பி.எல்.டி.சி. ஃபேன் 30 சொச்சம். பாரக்கில் ஃபேன் ஒரு நாளில் இருபது மணி நேரம் ஓடும். வீட்டைவிட அங்கே மாற்றினால்தான் போட்ட காசு சீக்கிரம் திரும்பும்.

ஒன்றை மட்டும் கோபப்படும் நண்பர்களுக்குச் சொல்ல வேண்டும். அங்கே அணைக்கவே கூடாத விளக்குகள் இருக்கின்றன. வேலி ஓரத்து விளக்கு, வெடிமருந்துக் கிடங்கைச் சுற்றி உள்ள விளக்கு, தகவல் தொடர்பு அறை, ஆஸ்பத்திரி. இரவு இரண்டு மணிக்கு அந்த வெளிச்சத்தில் ஒரு பையன் தனியாக நின்று காவல் காக்கிறான். அந்த வெளிச்சத்தில் மிச்சம் பிடிக்கச் சொல்ல நமக்கு வாய் வரக்கூடாது. நல்ல விளக்காக மாற்றலாம், பொழுது விடிந்ததும் தானாக அணையும் சாதனம் வைக்கலாம், அவ்வளவே. எது அணைக்கக் கூடாதது, எது வெறும் பழக்கத்தில் எரிவது என்று பிரித்துப் பார்க்கவும் தனித்தனி மீட்டர்தான் வேண்டும். வாசலில் ஒரே மீட்டர் இருந்தால் காவல் விளக்கும் மத்தியான வராந்தா விளக்கும் ஒரே கணக்கில் கலந்துவிடும்.

இதுவரை சொன்னது காசுக் கணக்கு. லடாக்கில் கணக்கே வேறு.

நான் அங்கே இருந்த காலத்தில் எல்லையோரக் காவல் நிலைகளில் கரண்ட் என்றால் டீசல் ஜெனரேட்டர். ஸ்ரீநகரிலிருந்து ஜோஜி லா கணவாய் வழியாக வரும் சாலை குளிர்காலத்தில் மாதக்கணக்கில் பனியில் மூடிக்கிடக்கும். அதனால் கோடையிலேயே அரிசி, மண்ணெண்ணெய், டீசல் எல்லாவற்றையும் மேலே ஏற்றிச் சேர்த்து வைப்பார்கள். லாரி போகும் இடம் வரை லாரி. அதற்கு மேலே கோவேறு கழுதை, சுமைகூலி, ஹெலிகாப்டர்.

அங்கேயும் டிசம்பர் 14 ஓவியப் போட்டி நடந்தது. அழுகிற பல்புகளுக்கு நடுவே ஒரு ஏழாம் வகுப்புப் பையன் லாரி வரைந்திருந்தான். மலை விளிம்பில் ஒரு டேங்கர், ஒரு சக்கரம் பாதி அந்தரத்தில். தலைப்புக்குச் சம்பந்தமில்லை என்று இன்னொரு ஆசிரியர் தள்ளி வைத்தார். பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். “எங்க அப்பா சார். இதுதான் கரண்ட்” என்றான். அவன் அப்பா சப்ளை பிரிவில் எண்ணெய் டேங்கர் ஓட்டுபவர். முதல் பரிசு அவனுக்குத்தான் கொடுத்தோம். அதற்காக ஆசிரியர் அறையில் ஒரு சண்டையே போட வேண்டியிருந்தது.

மறுநாள் பத்தாம் வகுப்பில் அதையே கணக்காகப் போட்டேன். ஒரு லிட்டர் டீசலில் ஜெனரேட்டர் சுமார் மூன்று யூனிட் கொடுக்கும், மிஞ்சினால் மூன்றரை. (அந்த உயரத்தில் காற்று மெலிவு. லே நகரம் 3,500 மீட்டர், அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் இயந்திரம் முழுத் திறனோடு ஓடாது.) இரண்டு கிலோவாட் ஹீட்டர் ஒன்றை ஆளில்லாத அறையில் இரவு எட்டு மணி நேரம் விட்டுவிட்டால் 16 யூனிட். அதாவது ஐந்து லிட்டர். நான்கு இரவு என்றால் 20 லிட்டர், ஒரு ஜெரி கேன். அந்தக் கேனை யார் தூக்கி வந்தார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு பதில் தெரியும்.

அங்கே இன்னொரு விரயம் உண்டு, கண்ணுக்கே தெரியாதது. பெரிய ஜெனரேட்டரை நான்கு விளக்குக்காக ஓட்டுவது. கால்வாசிச் சுமையில் ஓடும் ஜெனரேட்டர் ஒவ்வொரு யூனிட்டுக்கும் அதிக டீசல் குடிக்கும், புகையும் அடைசலும் வேறு. விளக்கை எல்.இ.டி.யாக மாற்றிவிட்டு ஜெனரேட்டரை அப்படியே வைத்தால் எதிர்பார்த்த மிச்சம் வராது.

அமெரிக்க ராணுவம் இதைக் கசப்பாகக் கற்றது. 2009-இல் வந்த அவர்களுடைய ஆய்வு ஒன்று, 2007-ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து, ஆப்கானிஸ்தானில் எரிபொருள் கொண்டுபோன 24 கான்வாய்க்கு ஒருவர் வீதம் இறந்தோ காயம்பட்டோ போனார் என்று சொன்னது. ஈராக்கில் தளவாடப் பொறுப்பில் இருந்த ஸ்டீவன் ஆண்டர்சன் என்ற பிரிகேடியர் ஜெனரல், கூடாரங்களுக்கு ஏசி போட மட்டும் வருடத்துக்கு 20 பில்லியன் டாலர் போகிறது என்று 2011-இல் சொன்னார். பென்டகன் அந்தத் தொகையை மறுத்தது. தொகை எதுவாக இருந்தாலும், அவர் சொன்ன வழி எளிமையானது. வெயிலில் நிற்கும் கூடாரத்துணிக்கு ஏசி போட்டால் காற்று வெளியேதான் போகும், முதலில் கூடாரத்தின் மேல் நுரைப்பூச்சு அடியுங்கள் என்றார். அடித்தார்கள். டீசல் குறைந்தது, லாரியும் குறைந்தது.

நம் பக்கம் இதே யோசனை குளிருக்காக வந்தது. லடாக்கின் சோனம் வாங்சுக் 2021 பிப்ரவரியில் ஒரு ராணுவக் கூடாரத்தைக் காட்டினார். பத்து ஜவான்கள் தங்கலாம். பிரித்தால் எந்தப் பாகமும் 30 கிலோவுக்குள், மனிதரே தூக்கலாம். தெற்குப் பக்கம் வெயில் வாங்கும் அறை, நடுவில் வெப்பத்தைச் சேர்த்து வைக்கும் தடுப்பு, பின்னால் படுக்கும் அறை. வெளியே மைனஸ் 14 வரை போகும் குளிரில், உள்ளே இரவு பத்து மணிக்கு பிளஸ் 15 என்று அவர் அறிவித்தார். மண்ணெண்ணெய் இல்லை, புகை இல்லை. மூடிய அறையில் மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்தால் என்ன ஆபத்து என்று குளிர்ப் பிரதேசத்தில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மற்றவையும் நகர்கின்றன. ஸ்ரீநகரிலிருந்து கார்கில் வழியாக லே வரை உயர் அழுத்த மின்தடம் 2019 பிப்ரவரியில் வந்துவிட்டது. வடக்கு சிக்கிமில் 16,000 அடி உயரத்தில் ராணுவம் 2021-இல் 56 கே.வி.ஏ. சோலார் நிலையம் அமைத்தது, குளிர் தாங்க வனேடியம் மின்கலத்தோடு, மும்பை ஐ.ஐ.டி.யின் உதவியில். லடாக் எல்லையில் சுஷூலில் பகல் வெயிலை ஹைட்ரஜனாக்கிச் சேமித்து, இரவில் திரும்ப மின்சாரமாக்கும் திட்டத்தை என்.டி.பி.சி. எடுத்திருக்கிறது. 200 கிலோவாட், டீசல் ஜெனரேட்டருக்குப் பதிலாக. இதையெல்லாம் படிக்கும்போது அந்த டேங்கர் பையனின் ஞாபகம் வரும். அவன் இப்போது எங்கே இருக்கிறானோ.

என்னிடம் படித்தவர்களில் சிலர் இன்று யூனிட்களில் பொறுப்பில் இருக்கிறார்கள், இரண்டு பேர் எம்.இ.எஸ்.ஸிலேயே ஜூனியர் இன்ஜினியர். அவர்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். அவர்களுக்கு என் கோரிக்கை ஒன்றுதான். கோடிக்கணக்கில் சோலார் வரும்போது வரட்டும். அதுவரை பாரக்குக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று என்று சின்ன மீட்டர் வையுங்கள். டியூட்டி பட்டியல் ஒட்டுகிற அதே பலகையில் நேற்றைய எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். எந்த கம்பெனி குறைவாக எழுதுகிறது என்று அவர்களே போட்டி போட ஆரம்பித்துவிடுவார்கள், அவர்களை எனக்குத் தெரியும்!

அந்த வாட்ஸ்அப் படத்தை அனுப்பிய நண்பருக்கும் இந்தப் பதிவை அனுப்பியிருக்கிறேன். முகாம்களில் இருந்தவர்கள், எம்.இ.எஸ்.ஸில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால், உங்கள் ஊரில் மீட்டர் எங்கே இருந்தது, யார் பார்த்தார்கள் என்று கீழே எழுதுங்கள்.